ரமலான் கிராஸ் ஸ்டிச்: பெருநாளுக்குள் முடியக்கூடிய டிசைனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்து அங்குலச் சதுரம். துணி எங்கேயும் தெரியாமல் முழுக்க நூலால் நிரப்பிய ஒரு காபா படம். 14 கவுண்ட் துணியில் இதைத் தைக்க 19,600 தையல் வேண்டும். மணிக்கு 100 தையல், தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தாலும் 196 நாள் ஆகும். ரமலான் மாதத்துக்கு 29 நாள், இல்லாவிட்டால் 30.

வீட்டுச் சுவருக்கோ, அம்மாவுக்கோ, பக்கத்து சீட்டில் நோன்பு வைக்கும் நண்பருக்கோ கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் பலர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். எத்தனை மணி நேரம் என்ற கேள்வி நூல் வாங்கி, துணி வெட்டி, கால்வாசி தைத்த பிறகுதான் வருகிறது. அதற்குள் பெருநாள் வந்துவிடும்.

அதனால் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதலில் நேரம், அடுத்து பொருள், கடைசியில் அழகு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு வாரத்தை உதாரணமாக வைத்துக் கணக்கு போடுவோம்.

கிராஸ் ஸ்டிச் என்றால் என்ன?

பெருக்கல் குறி போல இரண்டு சாய்வுக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் தையல். துணியில் படம் வரைவதில்லை. கையில் இருக்கும் சார்ட்டில் கட்டங்களை எண்ணி, துணியிலும் அதே கட்டங்களை எண்ணித் தைக்க வேண்டும். பள்ளியில் கைவேலை வகுப்பில் மேட்டி துணியில் பூ தைத்த ஞாபகம் சிலருக்கு இருக்கும். அதேதான்.

இதற்கென்றே நெய்யப்படும் துணிக்கு ஐடா என்று பெயர். ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அதுதான் கவுண்ட். 11, 14, 16, 18 என்று கிடைக்கும். கவுண்ட் கூடினால் கட்டம் சிறிதாகும், படம் நுணுக்கமாகும், கண்ணுக்கு வேலை அதிகமாகும். தொடங்குபவர்களுக்கு 14 வசதி. மேட்டி துணியில் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பது துணிக்குத் துணி மாறும். ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வட கர்நாடகத்தில், தார்வாட் பகுதியில் தைக்கப்படும் கசூதி எம்பிராய்டரியும் எண்ணித் தைக்கும் கலைதான். புவிசார் குறியீடு பெற்றது. அதில் கவந்தி, முர்கி, நேய்கி, மெந்தி என நான்கு வகைத் தையல்கள் உண்டு. மெந்தி என்றால் கன்னடத்தில் வெந்தயம். அந்த மெந்தி தையல்தான் நாம் சொல்லும் கிராஸ் ஸ்டிச்.

இஸ்லாமிய உலகத்திலும் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எகிப்தில் மம்லூக் ஆட்சிக் காலத்தில் நூலை எண்ணித் தைத்த துணிகளை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள நியூபெர்ரி தொகுப்பில் பார்க்கலாம். பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸ் எம்பிராய்டரியில் கிராஸ் ஸ்டிச்சே பிரதானம். பாலஸ்தீன எம்பிராய்டரிக் கலையை 2021-ல் யுனெஸ்கோ தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து ஓடுவது. அதற்கு 354 அல்லது 355 நாள். அதனால் நம் காலண்டரில் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாள் முன்னால் வருகிறது. இந்தியாவில் 2024-ல் மார்ச் 12 அன்று முதல் நோன்பு, 2025-ல் மார்ச் 2. இப்படியே நகர்ந்து, 2030-ல் ஜனவரி தொடக்கத்தில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் ஒரே ஆண்டில் வரும். ‘போன வருஷம் இந்தத் தேதியில் ஆரம்பித்தேன், சரியாக இருந்தது’ என்ற ஞாபகம் இங்கே உதவாது.

2027-ஐ எடுத்துக்கொள்வோம். வானியல் கணக்குப்படி ரமலான் பிப்ரவரி 8 அல்லது 9-ஐ ஒட்டித் தொடங்கும். நோன்புப் பெருநாள் மார்ச் 10-ஐ ஒட்டி வரும். இறுதித் தேதியைப் பிறை பார்த்துத்தான் அறிவிப்பார்கள். ரமலானுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் ரஜபும் ஷஅபானும். ரஜப் 2026 டிசம்பர் 10 வாக்கில் தொடங்கும். தையல் வேலைக்கு உண்மையான சீசன் இந்த இரண்டு மாதங்கள்தான்.

ரமலானிலேயே தைத்தால் என்ன?

தைக்கலாம், ஆனால் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். பிப்ரவரி மாதத்தில் பெங்களூருவில் சஹர் முடிவது காலை 5:30 வாக்கில். அதற்கு நாலரைக்கே எழ வேண்டும். சூரியன் மறைவது மாலை 6:25 வாக்கில். ஆபீஸ் விட்டுக் கிளம்பும் நேரமும் அதுதான். பலருக்கு நோன்பு திறப்பதே மெட்ரோ ஸ்டேஷனிலோ கேப்பிலோ நடந்துவிடுகிறது. பிறகு மஃக்ரிப், சாப்பாடு, இஷா, தராவீஹ். வீட்டுக்கு வந்து மூச்சு விடும்போது மணி ஒன்பதரை. மறுநாள் திரும்பவும் நாலரைக்கு அலாரம்.

கடைசிப் பத்து இரவுகள் வேறு. லைலத்துல் கத்ர் இரவைத் தேடும் நாட்கள் என்பதால் வணக்கம் கூடும் காலம் அது. அந்த நாட்களில் ‘இன்னும் 900 தையல் பாக்கி’ என்று ஒரு ஃப்ரேம் மடியில் இருந்தால், எதற்காகத் தைக்க ஆரம்பித்தோமோ அந்த நோக்கமே அடிபடும். ஆகவே கணக்கில் கடைசிப் பத்து நாளுக்குப் பூஜ்யம் போடுங்கள்.

உங்கள் பட்ஜெட் எத்தனை தையல்?

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். ஃபோனில் 20 நிமிட டைமர் வைத்து, ஒரே நிறத்தில் தைத்து, எண்ணி, மூன்றால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் மணிக்கான வேகம். நிறம் மாற்றுவது, நூல் கோர்ப்பது, பிரித்துத் தைப்பது எல்லாம் சேர்ந்தால் வேகம் இதைவிடக் குறையும்.

உதாரணத்துக்கு மணிக்கு 100 என்று வைப்போம். வார நாட்களில் தினம் அரை மணி நேரம், சனி ஞாயிறு ஒன்றரை மணி நேரம் வீதம். வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம். ரஜபும் ஷஅபானும் சேர்ந்து எட்டரை வாரம். மொத்தம் 47 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரிலீஸ் வாரம், காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று கால்வாசி கழித்தால் 35 மணி நேரம், அதாவது 3,500 தையல்.

ரமலானின் முதல் 20 நாளில் தினம் 20 நிமிடம் கிடைத்தால் இன்னும் 670 தையல். ஆக, கையில் இருப்பது சுமார் 4,100. உங்கள் வேகம் மணிக்கு 60-தான் என்றால் இது 2,500 ஆகிவிடும். இந்த எண்ணைத் தாண்டும் டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வருடத்துக்கு வேண்டாம்.

எந்த அளவுக்கு எத்தனை மணி நேரம்?

சார்ட்டின் அகலக் கட்டங்களை உயரக் கட்டங்களால் பெருக்குங்கள். அதில் எத்தனை சதவீதம் தைக்கப்படுகிறது என்று கண்ணால் மதிப்பிடுங்கள். சார்ட்டிலேயே மொத்தத் தையல் எண்ணிக்கை கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. 14 கவுண்ட் துணியில், மணிக்கு 100 தையல் வேகத்தில் சில மாதிரிக் கணக்குகள்:

• கிஃப்ட் டேக், 2 அங்குலச் சதுரம்: 28 × 28 கட்டம், 35% நிரப்பினால் 274 தையல். மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

• புக்மார்க், ஒன்றரை அங்குல அகலம், 6 அங்குல நீளம்: 20 × 84 கட்டம், 50% நிரப்பினால் 840 தையல். எட்டரை மணி நேரம்.

• வாழ்த்து அட்டை, 4 அங்குலச் சதுரம்: 56 × 56 கட்டம், 40% நிரப்பினால் 1,254 தையல். பன்னிரண்டரை மணி நேரம்.

• 6 அங்குல வளையத்துக்குள் 5 அங்குலப் படம்: 70 × 70 கட்டம், 45% நிரப்பினால் 2,205 தையல். 22 மணி நேரம்.

• 10 அங்குல முழுப்படம்: 140 × 140 கட்டம், 100% நிரப்பினால் 19,600 தையல். 196 மணி நேரம்.

பட்டியலில் கடைசி வரியும் அதற்கு முந்தைய வரியும் அளவில் இரண்டு மடங்குதான் வித்தியாசம், நேரத்தில் ஒன்பது மடங்கு. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்கு. துணியை மறைத்து முழுக்க நிரப்பினால் அது இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அதனால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் நிரப்பும் சதவீதத்தைக் குறையுங்கள். அடர்பச்சையோ நீலமோ உள்ள துணியில் வெள்ளை நூலால் ஒரு பிறையும் நான்கு விளக்கும் தைத்தால், பின்னணியைத் துணியே பார்த்துக்கொள்ளும்.

நிறங்களின் எண்ணிக்கையும் முக்கியம். ஃபோட்டோவை ஏதாவது ஆப்பில் போட்டு சார்ட்டாக மாற்றினால் 40, 50 நிறம் வரும். ஒரு கட்டம் ஒரு நிறம், அடுத்த கட்டம் இன்னொரு நிறம் என்று சிதறிக் கிடக்கும். வேகம் பாதியாகிவிடும். முதல் வேலைக்கு 3 முதல் 6 நிறம் போதும்.

எந்த உருவங்கள் கட்டத்துக்குப் பொருந்தும்?

நேர்கோடும் 45 டிகிரி சாய்வும் கட்டத்தில் அப்படியே உட்காரும். வளைவு படிக்கட்டு போல உடையும். தேர்வு செய்ய இந்த ஒரு விதி போதும்.

எட்டு முனை நட்சத்திரம் இதற்குச் சரியான உதாரணம். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 டிகிரி திருப்பி வைத்தால் வருவது அது. குர்ஆன் பிரதிகளில் பகுதிகளைக் குறிக்க இந்த உருவம் பயன்படுகிறது. தத்ரீஸில் எட்டு முனை நட்சத்திரத்துக்கு ‘பெத்லஹேமின் நிலவு’ என்று ஒரு பெயர் உண்டு. இதுவே ஆறு முனை, பத்து முனை வடிவங்கள் என்றால் 60, 36 டிகிரிக் கோணங்கள் வரும். கட்டத்தில் அவை கோணலாகத் தெரியும். பார்க்க எளிமையாக இருக்கும், தைத்தால் ஏமாற்றும்.

விளக்கு, மினாரா, வளைவு வாசல் எல்லாம் 50 கட்ட உயரத்துக்கு மேல் இருந்தால் நன்றாக வரும். அதற்குக் கீழே போனால் விளக்கு எது, பாட்டில் எது என்று தெரியாது.

மாதிரிகளைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். விஜயபுராவில் இப்ராஹிம் ரௌசாவின் கல் சாளரங்களைப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் கோரையில் நெய்யும் பாய்களின் ஓரப்பட்டையைப் பாருங்கள். நெசவே கட்டம்தான் என்பதால் பாயின் கோலத்தைச் சார்ட்டாக மாற்றுவது சுலபம். வீட்டில் ஒரு பத்தமடைப் பாய் இருந்தால் கட்டத்தாளை எடுத்து எண்ண ஆரம்பித்துவிடலாம்.

கசூதியின் வடிவியல் ஓரங்களும் பொருந்தும். கோபுரம், தேர், துளசி மாடம், யானை போன்ற அதன் பிரபலமான உருவங்களை இந்தப் பரிசுக்கு விட்டுவிடலாம். இன்னொரு லாபமும் இருக்கிறது. கவந்தி தையல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். புக்மார்க் போல முன்னும் பின்னும் பார்க்கும் பொருளுக்கு ஓரத்தை கவந்தியில் போட்டால் பின்பக்கம் மறைக்கும் வேலை குறையும்.

பிறையைச் சரியாகப் போடுவது எப்படி?

ரமலான் டிசைன்களில் அதிகம் தவறாக வருவது பிறைதான். ரமலானையும் பெருநாளையும் அறிவிப்பது வளர்பிறை. நம் அரைக்கோளத்தில் அதன் ஒளிரும் விளிம்பு வலது பக்கமோ கீழ்ப்பக்கமோ இருக்கும். இடது பக்கம் வளைந்திருப்பது தேய்பிறை, அது மாதக் கடைசியின் விடியற்காலை நிலா. பல சார்ட்டுகளில் இருப்பது இதுதான்.

பெங்களூரு, சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முதல் பிறை கிட்டத்தட்ட படுத்த நிலையில், தோணி போலத் தெரியும். மேற்கு வானத்தில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்துக்கு மட்டும். மொட்டை மாடியில் நாம் பார்க்கும் பிறையை அப்படியே தைத்தால் அது நம் ஊர்ப் பிறை. சார்ட்டைத் திருப்பிப் பிடித்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

பிறையும் நட்சத்திரமும் சேர்ந்த சின்னம் ஒஸ்மானியப் பேரரசின் கொடி வழியாகப் பரவலானது. குர்ஆன் விதித்த சின்னம் அல்ல. அலங்காரத்துக்கு வைப்பவர்கள் நிறைய பேர், விரும்பாதவர்களும் உண்டு. கொடுக்கப்போகும் வீட்டின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம்.

அரபி எழுத்து தைக்கலாமா?

தைக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, புள்ளி. அரபியில் ‘பா’, ‘தா’, ‘ஸா’ மூன்று எழுத்துக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி என்றால் பா, மேலே இரண்டு என்றால் தா, மேலே மூன்று என்றால் ஸா. ஒரு கட்டம் தவறினால் சொல்லே மாறிவிடும். எழுத்து வலமிருந்து இடம் போகும் என்பதால் சார்ட் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏஐ வரைந்து தரும் படங்களில் அரபி எழுத்து அடிக்கடி உருக்குலைந்து வருகிறது, அவற்றை நம்பித் தைக்க வேண்டாம். ஊசியைத் தொடும் முன் அரபி ஓதத் தெரிந்த ஒருவரிடம் சார்ட்டைக் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பிறகு பிரிப்பதென்றால் ஐந்து நாள்.

இரண்டாவது, எழுத்து வகை. வளைந்து ஓடும் நஸ்க், நஸ்தாலிக் எழுத்துகள் கட்டத்தில் உடைந்துபோகும். சதுரக் கூஃபி எழுத்து செங்கல், ஓடுகளை அடுக்கிக் கட்டடச் சுவர்களில் எழுதப் பயன்பட்டது. எல்லாமே நேர்கோடு, செங்கோணம். கிராஸ் ஸ்டிச்சுக்காகவே செய்தது போல இருக்கும்.

மூன்றாவது, பொருள் எங்கே இருக்கப்போகிறது என்பது. இறைப்பெயரும் குர்ஆன் வசனமும் சுவரில் உயரத்தில் இருக்கலாம். குஷன், மிதியடி, சாப்பாட்டு மேஜை விரிப்பு, கைத்துடைக்கும் துணி ஆகியவற்றில் வேண்டாம். இந்தப் பொருட்களுக்கு வடிவியல் கோலம் மட்டும் போதும். மனித, விலங்கு உருவங்களையும் பல குடும்பங்கள் தவிர்ப்பார்கள், குறிப்பாகத் தொழும் அறையில். ஒட்டகம் அழகாக இருக்கிறதே என்று தைத்துவிட்டு, தொழும் இடத்தில் மாட்ட முடியாமல் போனால் உழைப்பு வீணாகும்.

தமிழில் வாழ்த்து எழுதினால்?

நல்ல யோசனை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்காத ஒன்றை நீங்கள் கொடுக்கிறீர்கள். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் உண்டு, அதனால் இடம் அதிகம் வேண்டும். எழுத்துக்குக் குறைந்தது 12 கட்ட உயரம் கொடுங்கள். ‘பெருநாள்’ என்ற ஒரு சொல்லுக்கு ஆறு உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் 11 கட்டம், நடுவில் இரண்டு கட்ட இடைவெளி என்றால் 76 கட்டம். 14 கவுண்ட் துணியில் ஐந்தரை அங்குலம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு கட்டம் போதாது, நான்கு கட்டம் வைத்தால்தான் தூரத்திலிருந்து தெரியும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘ரமலான் கரீம்’ என்று தைத்தால் அது அந்த மாதத்துக்கு மட்டும். ‘ஈத் முபாரக்’ அல்லது ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்றால் நோன்புப் பெருநாளுக்கும் பக்ரீத் என்று நாம் சொல்லும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பொருந்தும். இரண்டுக்கும் இடையே சுமார் 68 நாள். வேலை தள்ளிப்போனால் இந்த 68 நாள் கைகொடுக்கும்.

மாதம் முழுக்கத் தைக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நோன்புக்கு ஒன்று என்று தினமும் ஒரு சிறிய நட்சத்திரம். 11 கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம், மூன்று கட்ட இடைவெளி. ஆக ஓர் அங்குலத்துக்கு ஒன்று. ஐந்து நெடுவரிசை, ஆறு வரிசை வைத்தால் 5 அங்குலத்துக்கு 6 அங்குலம். ஒரு நட்சத்திரத்துக்கு 40 தையல் என்றால் தினம் 24 நிமிடம்.

சிக்கல் ஒன்று: மாதம் 29-ல் முடியுமா 30-ல் முடியுமா என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் 29 நட்சத்திரம் மட்டும் போடுங்கள், முப்பதாவது கட்டத்தைப் பிறைக்கு விடுங்கள். 29-ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் அன்றிரவே அதைத் தைக்கலாம், தெரியாவிட்டால் மறுநாள் இரவு. எப்படி முடிந்தாலும் படம் நிறைந்துவிடும்.

கடைசிப் பத்து நாளுக்குப் பூஜ்யம் என்றோமே? நட்சத்திரங்களின் வெளிக்கோட்டை ரமலானுக்கு முன்பே தைத்து வைத்துவிட்டால், அந்த நாட்களில் உள்ளே நான்கைந்து தையல் போட்டால் முடிந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 11 கவுண்ட் துணியில் அவர்களையே தைக்க விடலாம்.

நூல், துணி எங்கே, எவ்வளவு வாங்குவது?

கடையில் கிடைக்கும் ஒரு ஸ்கெயின் பருத்தி எம்பிராய்டரி நூல் 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்ட் துணியில் இரண்டு இழை எடுத்துத் தைப்பது வழக்கம். அப்படியானால் ஒரு ஸ்கெயினிலிருந்து 24 மீட்டர் தைக்கும் நூல் கிடைக்கும். ஒரு தையலுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து சுமார் 9 மில்லிமீட்டர் செலவாகும். தொடக்கம், முடிவு, வெட்டி எறிவது என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் ஒரு ஸ்கெயினுக்கு ஏறக்குறைய 1,800 தையல். 4,000 தையலில் நான்கு நிறம் என்றால், எந்த நிறம் 1,800-ஐத் தாண்டுகிறதோ அதில் மட்டும் இரண்டு வாங்கினால் போதும். நிற எண்ணைக் குறித்து வையுங்கள்.

துணியைப் படத்தின் அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். 5 அங்குலப் படத்துக்கு 9 அங்குலத் துணி. சிவப்பு, அடர்பச்சை, கறுப்பு நூல்கள் சாயம் விடுகின்றனவா என்று வெள்ளைத் துணியில் நனைத்துப் பார்ப்பது நல்லது. ஜரிகை நூல் மினுங்கும், ஆனால் சிக்கும், பிரியும். ஒரு விளக்கின் சுடருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தையல் சாமான் வாங்க சிக்பேட்டை பக்கம் போகலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் பாதையில் ஆர்.வி. ரோடு போய், அங்கே பச்சைப் பாதைக்கு மாறினால் சிக்பேட்டை ஸ்டேஷன். சார்ட்டை வெளியூர்த் தளங்களில் காசு கொடுத்து வாங்கினால், அதை வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அதை வரைந்தவர் அதை விற்றுத்தான் பிழைக்கிறார்.

ஆபீஸ், மெட்ரோ, ஊர்ப் பயணம்: எதற்கு எந்த வேலை?

மஞ்சள் பாதை 19.15 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். உட்கார இடம் கிடைத்தால் ஒரு பயணத்தில் 30, 40 தையல் போடலாம். நெரிசல் நேரத்தில் நின்றுகொண்டு ஊசியை எடுக்க வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மெட்ரோவுக்கு ஏற்றது 4 அங்குல வளையமும் ஒரே நிறமும். பாதுகாப்புச் சோதனையில் கத்தரிக்கோலை நிறுத்தலாம், அதனால் நூலை வீட்டிலேயே அரை மீட்டர் துண்டுகளாக வெட்டி எடுத்து வாருங்கள்.

நோன்பு வைப்பவருக்கு மதிய உணவு இடைவேளை காலியாக இருக்கும். லுஹர் தொழுதது போக பதினைந்து நிமிடம் மிஞ்சலாம். ஆனால் நோன்போடு ஸ்க்ரீனைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது ஓய்வு நேரமும்கூட. எண்ணிக்கை தவறும் அளவுக்குச் சோர்வு இருந்தால் கண்ணை மூடி உட்காருங்கள். தவறாகத் தைத்த 50 தையலைப் பிரிக்க, தைத்ததைவிட நேரம் அதிகம் ஆகும்.

பெருநாளுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஃப்ரேம் கூட்டமான பஸ்ஸில் தாங்காது. வளையத்தோடு முடித்த வேலை, அட்டை, புக்மார்க், பெருநாள் காசு வைக்கும் துணி உறை ஆகியவை பைக்குள் பத்திரமாக வரும்.

முடித்ததைக் குளிர்ந்த நீரில் அலசி, துவாலையில் சுருட்டி ஈரம் எடுத்து, பின்பக்கமாக இஸ்திரி போட வேண்டும். ஃப்ரேம் கடைக்கோ தையல்காரரிடமோ கொடுப்பதென்றால் ரமலான் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பெருநாள் நெருங்க நெருங்க, தையல் கடைகள் புது ஆர்டர் எடுக்கவே யோசிப்பார்கள்.

முஸ்லிம் அல்லாதவர் தைத்துக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆபீஸில் இஃப்தாருக்குக் கூப்பிட்டு நோன்புக் கஞ்சி கொடுத்த நண்பருக்கு இது நல்ல பதில் மரியாதை. வசனத்தையும் இறைப்பெயரையும் அவர்களுக்கே விட்டுவிட்டு, எட்டு முனை நட்சத்திரம், விளக்கு, தமிழ் வாழ்த்து என்ற வரம்புக்குள் நின்றால் சங்கடம் எதுவும் வராது. சந்தேகம் இருந்தால் நண்பரிடமே கேட்டுவிடலாம். அதைக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. மொத்தத் தையல் எண்ணிக்கை உங்கள் பட்ஜெட்டுக்குள் இருக்கிறதா? கடைசிப் பத்து நாளைக் கழித்தீர்களா?

2. நிறங்கள் ஆறுக்குள் இருக்கின்றனவா?

3. எழுத்து இருந்தால், தெரிந்த ஒருவர் சரிபார்த்தாரா?

4. இந்தப் பொருள் எங்கே இருக்கப்போகிறது? அந்த இடத்துக்கு இந்த உருவமும் சொல்லும் பொருந்துமா?

5. பெருநாளுக்கு முடியாவிட்டால் பக்ரீதுக்குக் கொடுக்க முடியுமா?

ஐந்துக்கும் பதில் திருப்தியாக இருந்தால் துணியை வெட்டலாம். முதல் கேள்வியிலேயே தடுமாறினால் 274 தையல் டேக்கை எடுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஷஅபான் முடிவதற்குள் அப்படி எட்டு டேக் தைத்தால் எட்டு வீட்டுக்குப் போகும் பலகாரப் பெட்டியில் ஒவ்வொன்றைக் கட்டிவிடலாம்.